பின்வீட்டுக்கு ஒரு மீட்டர்

சித்திரை முதல் நாள் காலையில் நான் ஒரு முடிவெடுத்தேன். இனி என் ஆயுள் உள்ளவரை என் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டாது.

இதை மனைவி சிவரஞ்சனியிடம் சொன்னேன். அவள் மிக்ஸியில் பருப்பு அரைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை போலிருந்தது. மிக்ஸியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன்.

"என்னங்க, மிக்ஸியிலருந்தே ஆரம்பிச்சுட்டீகளா?" என்றாள்.

ஆக, காதில் விழுந்திருக்கிறது.

ஐந்நூறு ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்ப்பார்கள். முதல் நூறு யூனிட் இலவசம். அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக விலை ஏறும். ஐந்நூறு வரை அது மாடிப்படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம். ஐந்நூற்று ஒன்று என்பது படி அல்ல. அதைத் தொட்டால் அதுவரை எரித்த யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை மாறிவிடும். பரீட்சையில் கடைசிக் கேள்வியைத் தப்பாக எழுதியதற்காக முதல் கேள்வியின் மார்க்கையும் குறைப்பது போல. பரீட்சை என்றாலே எனக்கு இன்றும் கை வியர்க்கும்.

எங்கள் வீட்டுக்கு வழக்கமாக முந்நூற்று நாற்பது யூனிட் ஆகும். பயமில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தோம். பங்குனியில் நான் மின்சாரக் கார் வாங்கினேன். பயம் வந்துவிட்டது.

புதுக் கார் இல்லை. மதுரையில் ஒரு டாக்டர் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்றது. சின்னது. வெள்ளை. என் அப்பா இருளாண்டி கொத்தனார். எங்கள் ஊர் மானகிரியில் பாதி வீடுகளின் சுவர் அவர் எழுப்பியது. எங்கள் வீடும் அப்படித்தான். எல்லா வீட்டையும் அவர் சைக்கிளில் போய்த்தான் கட்டினார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். முதல் கார் வைத்திருப்பவனும் நானாக இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை. காரைக்குடியில் பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே வரவேற்பில் எனக்கு வேலை. வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். ஓட்டல் வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் நிழலில் என் காரை மனதுக்குள் பல தடவை நிறுத்திப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அழகாக நின்றது.

சிவரஞ்சனிக்குக் காளையார்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மானகிரியில் ஒரு பஸ், காரைக்குடியில் இன்னொரு பஸ். போக வர எழுபது கிலோமீட்டர். கார் வந்து வாசலில் எலுமிச்சம்பழம் நசுங்கிய ஐந்தாவது நிமிடம் அவள் கேட்டாள்.

"வேலை நாள்ல நான் எடுத்துட்டுப் போறேனே?"

"எங்குட்டு?"

"வேலைக்குத்தான். வேற எங்குட்டு? உங்களுக்கு ஆறு கிலோமீட்டரு. ஸ்கூட்டரும் இருக்கு."

"உனக்கு ஓட்டத் தெரியாதே."

"தெரிஞ்சா?"

நான் காகிதத்தை எடுத்தேன். நான் மனைவியோடு வாக்குவாதம் செய்வதில்லை. கணக்குப் போட்டுக் காட்டுவேன். எழுபது கிலோமீட்டருக்கு ஒன்பது யூனிட். இரண்டு மாதத்துக்கு நானூற்றைம்பது. வீட்டுக்கு ஆகும் முந்நூற்று நாற்பதைக் கூட்டினால் எழுநூற்றுத் தொண்ணூறு. அதுவே நான் ஓட்டலுக்குப் போய்வந்தால் எண்பது யூனிட்தான். மொத்தமே நானூற்று இருபது.

"பாத்தியா? உன்னைய அனுப்பக்கூடாதுன்னு எனக்கு ஒண்ணும் இல்ல. யூனிட்டுதான் விடமாட்டேங்குது."

அவள் காகிதத்தை வாங்கிக் கூட்டலைச் சரிபார்த்தாள்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. கரண்டு மட்டுந்தான் தடையா?"

"கரண்டு மட்டுந்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வேப்பமரத்தை நான் கணக்கில் காட்டவில்லை.

சித்திரை வந்ததும் வேறொரு தொல்லை வந்தது. வெயில். ஏ.சி. மட்டுமே நூறு யூனிட் கூடுதலாகத் தின்னும். நானூற்று இருபதோடு நூறு சேர்ந்தால் ஐந்நூற்று இருபது. அதாவது அவளைப் பஸ்ஸில் அனுப்பியும் நான் தோற்றுப்போவேன். அந்தக் காலையில்தான் மேற்படி முடிவை எடுத்தேன். இரண்டு நாள் கழித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மின் அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே துர்காதேவி என்று ஒரு பொறியாளர் அம்மா. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"என்ன விஷயம்?"

"கார் மேடம்."

"அது ஆர்.டி.ஓ. ஆபீஸ்."

"கரண்டுக் கார் மேடம். வீட்டுல சார்ஜ் போடணும். எந்தக் கட்டணம் கட்டுப்படியாகும்னு கேட்டுட்டுப் போகலாம்னு..."

இப்போது நிமிர்ந்தார். நோட்டைப் பார்த்தார். நான் கோடெல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

"வீட்டு மீட்டர்லயே போட்டுக்கலாம். இல்லைன்னா வண்டிக்குன்னு தனி இணைப்பு வாங்கலாம். அதுல இலவச யூனிட் கிடையாது. வெயில் நேரத்துல விலை கம்மி. காலையிலயும் சாயங்காலமும் விலை கூடும்."

"வெயில் நேரத்துல கார் ஓட்டல்ல நிக்கும் மேடம்."

"சாயங்காலம்?"

"வீட்டுக்கு வந்துரும்."

"அப்ப விலை கூடுற நேரமாப் பாத்துத்தான் உங்க கார் வீட்டுக்கு வருது."

"வீட்டுக்கே இன்னொரு மீட்டர் வாங்க முடியாதா மேடம்? அதுலயும் நூறு யூனிட் இலவசம் வருமே?"

"ஒரே வீடு, ஒரே குடும்பம்னா கிடையாது. அப்படி ரெண்டு இருந்தாலும் ஒண்ணாச் சேத்துருவோம். தனிக் குடித்தனமா இருக்கணும். தனி வாசல், தனி அடுப்பு. நேர்ல வந்து பாத்துட்டுத்தான் தருவோம்."

தனிக் குடித்தனம் என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஓட்டலில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி. வீட்டைச் சுற்றிக் காட்டுவதும் என் வேலைதான். முகப்பு, வளவு என்கிற உள்முற்றம் எல்லாம் முடித்து, பின்கட்டில் வரிசையாக இருந்த அடுப்படிகளுக்கு வந்தோம். அந்த இடத்தில் நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். இந்த வீட்டில் நான்கு மகன்கள். கல்யாணம் ஆனதும் ஒவ்வொரு மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். சண்டையினால் அல்ல, அதுதான் இங்கே வழக்கம். கூரை ஒன்று, முற்றம் ஒன்று. அரிசி, பருப்பு, விறகு, அடுப்பு மட்டும் தனித்தனி.

இதை நான் இருநூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சொல்லும்போது பாதியில் நின்றுவிட்டேன். எனக்கு உடம்புக்கு ஏதாவதா என்று பிரெஞ்சு அம்மாள் கேட்டார்.

எங்கள் வீட்டின் பின்பக்கம் அப்பா இருந்த காலத்தில் ஓர் அறை கட்டியிருந்தார். வாடகைக்கு விடுவதற்காக. சமையல் மேடை உண்டு. பக்கத்துச் சந்தில் திறக்கிற தனி வாசல் உண்டு. யாரும் வாடகைக்கு வரவில்லை. உடைந்த நாற்காலிகள்தான் குடியிருந்தன. முன்வாசல் கேட்டில் நுழையாததால் காரும் அந்தச் சந்தில்தான் நின்றது.

அன்று இரவு சிவரஞ்சனி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரஞ்சனி, நாம வேறயாப் போயிருவோம்."

மடிப்பதை நிறுத்தவில்லை. "யாரு போறது? நீங்களா, நானா?"

"ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம். அடுப்பு மட்டும் வேற." விளக்கினேன். நோட்டைக் காட்டினேன். பின்பக்கத்தைப் பின்வீடு என்று வைத்துக்கொண்டு, அங்கே வாங்கும் தனி மீட்டரில் காருக்குச் சார்ஜ் ஏற்றினால் ஏற்படும் நன்மைகளைச் சொன்னேன்.

"அந்த மீட்டரு யாரு பேருல?"

"ஒரே ஆளுக்கு ரெண்டு தரமாட்டாக. உன் பேருலதான் வாங்கணும்."

"சரி."

"அப்ப நீ பின்வீடு. நான் முன்வீடு."

"சரி."

"அந்தம்மா நேர்ல வந்து பாப்பாக. பொய் சொல்ல எனக்கு வராது. அதனால நெசமாவே தனியாச் சமைக்கணும்."

"சரி."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் ஒரே பேச்சில் மூன்று தடவை சரி சொன்னது அதுவே முதல்முறை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தது.

பொய் வராது என்றேனே, அது சும்மா சொன்னதல்ல. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கப் போனபோது, எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று எழுதித் தரச் சொன்னார்கள். அப்பா உடனே கைநாட்டு வைத்துவிட்டார். நான் ஒன்பது சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டேன். ஒரு சித்தப்பா தனக்கு ஒரு பட்டம் உண்டென்றார். பெட்டியைத் திறந்து பார்த்தால் ரத்ததானம் செய்ததற்கு வாங்கிய சான்றிதழ்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடித்தனம் பிரிந்தது. சிவரஞ்சனி வேலையை மிகவும் முறையாகச் செய்தாள். கேஸ் அடுப்பு பின்வீட்டுக்குப் போனது. குக்கர் போனது. மிக்ஸி போனது. அஞ்சறைப்பெட்டி போனது.

"எல்லாத்தையும் அங்குட்டே கொண்டுபோனா எனக்கு?"

"உங்களுக்கு அஞ்சு கிலோ சிலிண்டரும் ஒத்தை அடுப்பும் வாங்கி வச்சிருக்கேன்ல. ஒத்தை ஆளு குடித்தனத்துக்கு அது போதும்."

"நீயும் ஒத்தை ஆளுதானே?"

"எனக்குச் சமைக்கத் தெரியும்ல. தெரிஞ்சவகளுக்குத்தான் சாமான் நிறைய வேணும்."

விண்ணப்பத்தில் வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பின்வீட்டில் சிவரஞ்சனி தனிக் குடித்தனம் நடத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதினேன். எழுதியதை மறுபடியும் படித்துப் பார்த்தேன். அது உண்மையான விண்ணப்பமாக இருக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்திருந்தேன்.

முதல் நாள் ரசம் வைத்தேன். இரண்டாம் நாளும் அதையே சாப்பிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி பின்பக்கத்திலிருந்து உப்புக்கறி வாசனை வந்தது. நான் எழுந்து, சந்து வழியாகச் சுற்றிப்போய், தனி வாசலைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான். முன்வீடு."

"என்ன வேணும்?"

"கொஞ்சம் கறி..."

"பக்கத்து வீட்டுல கேட்டு வாங்குறதுல ஒண்ணும் தப்பில்ல. கிண்ணம் கொண்டாந்தீகளா?"

கிண்ணம் கொண்டு போயிருக்கவில்லை. அவளுடைய கிண்ணத்திலேயே தந்தாள். மறுநாள் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கிண்ணத்தை வெறுமனே குடுக்குறீக? பக்கத்து வீட்டுக் கிண்ணத்துல எதையாச்சும் வச்சுத் திருப்பிக் குடுக்குறதுதானே முறை?"

அதனால் என் ரசத்தை ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த பத்து நாள் பின்வீட்டிலிருந்து எனக்குக் கிண்ணம் வரவில்லை.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஜாஹிதா அக்கா வீடு. அவர் கணவர் சுல்தான் அண்ணன் துபாயில் இருக்கிறார். அண்ணனுடைய பழைய காரை அக்காதான் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் சிவரஞ்சனியை ஏற்றிக்கொண்டு தையல் வகுப்புக்குப் போவார். அடுப்பு பிரிந்த வாரத்தில் அவர் சுவர் மேலாக எட்டிப் பார்த்தார்.

"அழகு தம்பி, என்னப்பா, முன்னாடியும் தாளிப்பு, பின்னாடியும் தாளிப்பு? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லக்கா. மீட்டருக்காக. தனி அடுப்பு வச்சாத் தனி மீட்டர் தருவாக."

அக்கா சுவர் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரு ஆறு வருசமா துபாயில தனி அடுப்புதான். எனக்கு ஒருத்தரும் ஒரு மீட்டரும் தரல."

பத்தொன்பதாம் நாள் துர்காதேவி அம்மாவிடமிருந்து போன் வந்தது. மறுநாள் காலை பார்வையிட வருகிறார்களாம். சிவரஞ்சனி லீவு போட்டாள். நானும் போட்டேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொய் இல்லை என்று இரண்டு தடவை நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

அந்த அம்மா ஒரு லைன்மேனோடு வந்தார். முதலில் என் அடுப்படி. பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"உப்புமா மேடம்."

"யாரு செஞ்சது?"

"நானே."

"நீங்க தனிக் குடித்தனம்தான் சார். எனக்கு வேற அத்தாட்சி வேண்டாம்."

பிறகு பின்வீடு. மேடை துடைத்திருந்தது. குக்கர் விசில் அடித்தது. வாசலில் கோலம். தனி வாசல், தனி அடுப்பு என்று தாளில் குறித்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. அப்போது அவர் பார்வை சந்துக்குப் போனது.

"இந்தக் கார் எந்த வீட்டுது?"

"அது என்..." என்று ஆரம்பித்தேன்.

"எதுக்குக் கேக்குறேன்னா, ஒரு வீட்டு மீட்டர்லருந்து இன்னொரு வீட்டுக்கு கரண்டு குடுக்கக் கூடாது. இது முன்வீட்டுக் கார்னா முன்வீட்டு மீட்டர்லதான் சார்ஜ் ஏத்தணும். பின்வீட்டுக் கார்னா பின்வீட்டு மீட்டர். சொல்லுங்க, எந்த வீட்டுது?"

முன்வீடு என்று சொன்னால் இருபது நாள் தின்ற ரசமும் உப்புமாவும் வீண். பின்வீடு என்று சொன்னால் அது பொய். கை வியர்த்தது. பரீட்சை மண்டபத்தில் கடைசி மணி அடிப்பது போலிருந்தது.

"பின்வீட்டுக் கார்தான் மேடம்," என்றாள் சிவரஞ்சனி. "நான் காளையார்கோவிலுக்கு வேலைக்குப் போக. தினமும் ஒன்பது யூனிட்டு ஆகும். ரெண்டு மாசத்துக்கு நானூத்தி அம்பது. ஐந்நூறைத் தாண்டாது. இவுகளே கணக்குப் போட்டுக் குடுத்துருக்காக."

என் காகிதத்தை எடுத்து நீட்டினாள். பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். துர்காதேவி அம்மா கூட்டலைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இப்ப ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா?"

"இல்ல மேடம். மீட்டர் வந்ததும் ஓட்டுவேன்."

"லைசென்ஸ் இருக்கா?"

இங்கே எனக்கு நிம்மதி வந்தது. கொஞ்சம் வருத்தம் கலந்த நிம்மதி. மீட்டர் போனால் போகட்டும், உண்மை நின்றுவிட்டது என்று நினைத்தேன். சிவரஞ்சனி கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"பிப்ரவரியில வாங்கினதா?" என்றார் அந்த அம்மா.

நான் கார் வாங்கியது மார்ச்சில்.

சுவருக்கு மேலே ஜாஹிதா அக்காவின் தலை தெரிந்தது. "தையலு எப்படி வந்துருக்கு தம்பி? பிரிச்சுப் பிரிச்சுத் தச்சோம். திருப்பத்தூர் ரோடு பூராத் தச்சோம்."

துர்காதேவி அம்மா என்னைப் பார்த்தார். "கார் உங்க பேருலதானே இருக்கு? இவங்க ஓட்டுறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

சிவரஞ்சனியே பதில் சொன்னாள். "கரண்டு மட்டுந்தான் தடைன்னு சத்தியம் பண்ணிருக்காக மேடம். பொய் சொல்ல அவுகளுக்கு வராது."

"அப்படியா சார்? வேற தடை எதுவும் இல்லையே?"

லைன்மேன் என்னைப் பார்த்தார். ஜாஹிதா அக்கா பார்த்தார். குக்கர்கூட விசிலை நிறுத்திவிட்டது. நான் வேப்பமரத்தை நினைத்தேன். ஓர் அரசு அதிகாரியிடம், வேலை நேரத்தில், வேப்பமரம் என்று எப்படிச் சொல்வது?

"இல்ல மேடம்," என்றேன்.

என் வாழ்நாளில் நான் அரசாங்கத்திடம் சொன்ன ஒரே பொய் அது. அதற்கு ஒரு கார் விலை ஆனது.

காரைப் பின்வீட்டுக் குடித்தனத்தின் பயன்பாட்டுக்கு விட்டிருக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பத்து நாளில் மீட்டர் வந்தது. பின்வீட்டுச் சுவரில், நாமம் போட்டது போல மஞ்சளும் குங்குமமும் வைத்து, சிவரஞ்சனி அதற்குச் சூடம் காட்டினாள். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சந்திலிருந்து கார் சத்தமில்லாமல் வெளியே போனது. மின்சாரக் காரில் அதுதான் கொடுமை. போவதுகூடக் கேட்காது.

அன்று மாலை நான் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"மீட்டர்தான் வந்துருச்சே. இனி அடுப்பைச் சேத்துருவோமா?"

"சேத்தாப் பொய்யாயிரும்லங்க. எழுதிக் குடுத்துருக்கோம்."

"அப்ப நான் ஆயுசுக்கும் ரசமா?"

அவள் இரங்கிவிட்டாள். "அடுப்புதான் தனியா இருக்கணும். சேந்து சாப்பிடக்கூடாதுன்னு எந்த ஆபீஸ்லயும் சொல்லல. காலையில நான் பின்வீட்டுல சமைக்கிறேன், நீங்க அங்குட்டு வாங்க. சாயங்காலம் நீங்க முன்வீட்டுல சமைங்க, நான் இங்குட்டு வாரேன்."

"சாயங்காலமும் நீயே..."

"நான் வாரதுக்கு ஆறரை ஆயிரும். நீங்க அஞ்சரைக்கே வந்துருவீக. அந்த அடுப்பு அப்ப சும்மாதானே கிடக்கு?"

அவள் முன்பெல்லாம் ஏழே முக்காலுக்கு வருவாள். வந்ததும் கால் மணி நேரம் யாரோடும் பேசமாட்டாள். இப்போது ஆறரைக்கு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருகிறாள். இரண்டு பஸ் மிச்சமான முகம். அது நன்றாகத்தான் இருந்தது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் எழுதித் தரச் சொல்வாள்.

எனக்குத் தோசை வார்க்க வந்துவிட்டது. முதல் இரண்டு தோசை மட்டும் கல்லோடு போய்விடும்.

ஆனால் நான் அப்படியே விட்டுவிடவில்லை. வாரத்தில் ஆறு நாள் அவளுக்கு என்றால் ஏழாவது நாள் ஒன்று இருக்கிறதே! ஒரு வெள்ளிக்கிழமை, தோசையை நன்றாக முறுகலாக வார்த்துப் போட்டுவிட்டு, கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை கார் எனக்கு வேணும்."

"எங்குட்டுப் போறீக?"

"திருக்கோஷ்டியூர். பெருமாளைப் பாத்துட்டு, அப்படியே ஓட்டல் பக்கம் ஒரு சுத்து."

"அது அந்தப் பக்கம், இது இந்தப் பக்கமாச்சே?"

"கார் இருந்தா எல்லாம் ஒரே பக்கந்தான்."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க," என்றாள். கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நான்கு காரணம் யோசித்து வைத்திருந்தேன். நான்கும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலை அவளே பின்வீட்டிலிருந்து வந்து சாவியைக் கையில் கொடுத்தாள்.

குளித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். விபூதி வைத்தேன். பெருமாள் கோயில் என்பது நினைவுக்கு வந்து அழித்தேன். சந்துக்குப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். கண்ணாடியைத் திருப்பி என் உயரத்துக்கு வைத்தேன். பொத்தானை அழுத்தினேன். முன்னால் வெளிச்சம் வந்தது. ஒன்பது சதவீதம் என்று எழுதியிருந்தது.

"ரஞ்சனி! இதுல சார்ஜே இல்லையே!"

அவள் வாசலில் வந்து நின்றாள்.

"எப்படி இருக்கும்? நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சுல்ல. ஞாயித்துக்கிழமைதானே அது வீட்டுல நிக்குது, அன்னைக்குத்தான் முழுசா ஏத்துறது. இப்பப் போட்டீகன்னா நாலரைக்கு ஏறிரும்."

"சரி. அஞ்சு மணிக்குக் கிளம்பிக்கிறேன்."

"அஞ்சு மணிக்கு நானும் ஜாஹிதா அக்காவும் காரைக்குடிக்குக் கிளம்புறோம். அக்கா கார் சர்வீஸுக்குப் போயிருக்கு. அதுவரைக்கும் நீங்க சும்மாதானே இருக்கீக? ஒரு நாக்காலியைப் போட்டுக்கிட்டு, ஒயரு சூடாகுதான்னு பாத்துக்கிட்டு இருங்க."

நான் இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கிப் போய்ப் பிளக்கை மாட்டினேன்.